கடைசியாக ஏறுகிறவள்

எங்கள் குப்பத்துக் காலைப் படகுக்கு ஒரு வழக்கம் உண்டு. மீன் கூடைகளோடு பழவேற்காட்டு மார்க்கெட்டுக்குப் போகும் பெண்கள் எல்லோரும் ஏறிய பிறகு, ஒருத்தி மட்டும் முழங்கால் தண்ணீரில் நின்று, சேற்றில் தரைதட்டியிருக்கும் படகைத் தள்ளிவிடுவாள். அது மிதந்ததும் விளிம்பைப் பிடித்துக் காலைத் தூக்கிப் போட்டு ஏறிக்கொள்வாள். அந்த ஒருத்தி நான்தான். யாரும் எனக்குக் கொடுத்த பதவியில்லை. நானே எடுத்துக்கொண்டது. வேறு எவளையும் கிட்டே விட்டதும் இல்லை.

அப்புறம் வலது முழங்கால் மக்கர் பண்ணியது. ஒருநாள் பாதி ஏறும்போது கால் மடங்காமல் தண்ணீரில் விழுந்தேன். மறுநாளிலிருந்து என்னைத்தான் முதலில் ஏற்றினார்கள். இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, ஐஸ் பெட்டி மேல் உட்காரவைத்துவிடுவார்கள். என் கொழுந்தன் மனைவி படகைத் தள்ளினாள். நன்றாகவே தள்ளினாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பொன்னேரியில் டாக்டர், மூட்டு தேய ஆரம்பித்திருக்கிறது, சுற்றியுள்ள சதைக்குப் பலம் வேண்டும் என்று சொல்லி, பயிற்சி கற்றுக்கொடுக்கும் பெண்ணிடம் அனுப்பினார். என் மகள் வயதுதான் இருக்கும். உட்கார்ந்தபடி ஒரு காலை மெல்ல நீட்டி, சற்று நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டுமாம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டுமாம். இதற்கா படகும் பஸ்ஸும் மாறி வந்தேன் என்று எரிச்சலாக வந்தது.

வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கியது. பழைய ஐஸ் பெட்டி ஒன்றைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தேன். எங்களுக்கு வேலை என்றால் வலை இழுக்கிற மாதிரி இருக்க வேண்டும். பல்லைக் கடிக்க வேண்டும், மூச்சை அடக்க வேண்டும், உடம்பு நோக வேண்டும். காற்றில் கால் நீட்டுவதெல்லாம் ஒரு வேலையா? வலையில் கட்டும் ஈயக் குண்டுகளைத் துணியில் முடிந்து கணுக்காலில் கட்டிக்கொண்டு தூக்கினேன். முழங்கால் பனங்காயாக வீங்கியது.

அந்த மூட்டையையும் எடுத்துக்கொண்டு பொன்னேரிக்குப் போனேன், நான் எவ்வளவு பாடுபட்டேன் என்று காட்டுவதற்காக. அந்தப் பெண் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, வலைதான் தண்ணிக்குள்ள முழுகணும். காலுக்கு எதுக்கு ஈயம்? மூச்ச அடக்காதீங்க. வலிச்சா நிறுத்திடுங்க. நாளைக்கும் செய்யணும்னு நெனச்சிச் செய்ங்க."

ஈயம் வலைக்கே திரும்பிப் போனது. வீக்கம் வடிந்ததும் மெல்ல நீட்டினேன், மெல்ல இறக்கினேன். கொழுந்தன் மனைவி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"இன்னாக்கா, பொட்டி மேல குந்திக்கினு ராணி மாதிரி காலாட்டிக்கினு கீற?"

"போடி, போய் வேலையப் பாரு."

கேலிக்குப் பயந்து பயிற்சியை விட்டிருந்தால் கெட்டிருப்பேன். கொஞ்ச நாளில் பெட்டியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்தேன். பிறகு அந்தப் பெண் சொன்னபடி சுவரைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த பலகை மேல் ஏறி இறங்கினேன். பலகை போய் வாசற்படி வந்தது. கடைசியில் ஒரு கையால் கதவைத் தொட்டுக்கொண்டு, வலது காலை ஊன்றியே ஏறினேன். வலி இல்லை. சந்தோஷத்தில் வீட்டில் யாரும் இல்லாதபோதும் சத்தமாகச் சிரித்தேன்.

மறுநாள் காலை என்னைத் தூக்க இரண்டு பேர் வந்தபோது நான் கை கொடுக்கவில்லை. படகின் பின்புறம் போய் நின்றேன். அங்கே கொழுந்தன் மனைவி புடவையைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"நீ ஏறுடி."

"இன்னாக்கா வெளையாடுறியா? உழுந்து வெச்சா?"

"ஏறுன்னு சொல்றேன்ல."

முறைத்துக்கொண்டே ஏறினாள். மூச்சை அடக்காமல், மெல்ல விட்டுக்கொண்டே தள்ளினேன். சேறு விட்டது, படகு மிதந்தது. விளிம்பைப் பிடித்துக் காலைத் தூக்கிப் போட்டேன். சொட்டச் சொட்ட உள்ளே நின்றபோது படகே கத்தியது. எனக்கு ஒரே கர்வம். மறைக்கவும் இல்லை.

ஐஸ் பெட்டி மேல் என் இடத்தை விட்டுவைத்திருந்தார்கள். "நீ குந்துடி" என்றேன் கொழுந்தன் மனைவியிடம்.

"எனக்கின்னா முட்டியா போச்சி?" என்றாள்.

மார்க்கெட் வரைக்கும் அந்தப் பெட்டி மேல் யாருமே உட்காரவில்லை.