படம் பார்த்து வாங்கிய ஸ்பிரிங்

அப்பா ஓட்டிய, மேல்கூரை இல்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார் இன்னும் திருக்கோகர்ணத்தில் என் வீட்டில் நிற்கிறது. போன வருடம் அதன் பின்பக்க ஸ்பிரிங்குகள் தளர்ந்துவிட்டன. புதிதாக வாங்கப் போனால் சாதாரண உயரம், குட்டை என இரண்டு வகை இருந்தன.

"நம்ம ரோட்டுக்கு ஒயரமானதே போடுங்க சார்" என்றார் மெக்கானிக். நான் கேட்கவில்லை. அப்பா எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் காலிக் கார் பின்பக்கம் தணிந்து, அத்தனை அழகாக நிற்கும். அந்த அழகுக்காகக் குட்டையையே மாட்டச் சொன்னேன்.

முதல் பயணமாக அக்காவையும் அத்தானையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு திருவரங்குளம் கோயிலுக்குப் புறப்பட்டேன். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் கரகரவென்று சத்தம், ரப்பர் கருகிய வாடை. நிறுத்திப் பார்த்தால், மட்கார்டு உரசி உரசி டயரில் நூல் தெரிந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் வெடித்திருக்கும்.

போனில் இருந்த படத்தை அக்காவிடம் காட்டினேன். "அப்பா காலத்துல இப்படித்தானே நின்னுச்சு?"

அக்கா சிரித்துவிட்டாள். "ஏன்டா, இதுல நீயும் நானும் பின்னாடி குனிஞ்சுல்ல கெடக்கோம். காரு மட்டும் படத்துல விழணும்னு அப்பா தலையத் தூக்க விடல. டிக்கியில ரெண்டு மூட்டை கடல வேற."

எனக்கு அப்போது நான்கு வயது.

மறுவாரமே சாதாரண ஸ்பிரிங்கை மாட்டினேன். இப்போதெல்லாம் காரில் ஆளை உட்காரவைத்து, டயருக்கு மேலுள்ள இடைவெளியை அளந்த பிறகே அதற்கு எதையும் வாங்குகிறேன். காலியாக நிற்கும்போது பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாகத்தான் தெரிகிறது. அக்கா வந்து ஏறினால் படத்தில் உள்ள உயரத்துக்கு வந்துவிடுகிறது.