பச்சை வெளிச்சத்தில் பார்த்த பாட்டு

மைக்கை ஊதிப் பார்ப்பதற்கு முன் ஸெய்னுதீன் நானா அதைச் சட்டை நுனியால் ஒருதரம் துடைப்பார், பால் குடித்த பிள்ளையின் வாயைத் துடைக்கிற மாதிரி. பிறகுதான் "ஹலோ". கலியாண வீட்டுத் தென்னையில் ஹோர்னைக் கட்டிவிட்டு அவர் அந்த ஒற்றைச் சொல்லைச் சொன்னால் கோட்டையடி மான்கள் மேய்ச்சலை விட்டு நிமிரும். அக்கரையில், மூதூரில், அடைகாக்கிற கோழிகள் முட்டையை விட்டு எழும்பும். கோழிக்கு நான் சாட்சியில்லை. மானுக்கு எந்தக் கோட்டுக் கூண்டிலும் ஏறிச் சொல்வேன்.

கோயில் திருவிழா, கந்தூரி, சாமத்தியச் சடங்கு என்று திருகோணமலைத் துறைமுகப் பக்கம் எது நடந்தாலும் சத்தம் அவருடையது. இறங்குதுறைக்குப் போகிற வழியில் இருக்கும் அவருடைய கடை, பெரிய ரேடியோப் பெட்டி ஒன்றுக்குக் கதவு வைத்தது போலிருக்கும். உள்ளே கதிரை ஒன்றுதான். அதில் ஸ்பூல் ரெக்கோடர் வீற்றிருக்கும், நானா நின்றுகொண்டிருப்பார்.

ஊருக்கெல்லாம் சத்தம் கொடுக்கும் இந்த மனிதர் மாதத்தில் ஒருநாள் சத்தமே இல்லாத ஒரு வேலை செய்துவந்தார். கதிரவேலின் பாட்டு நாடாவைக் காற்றாட விடுகிற வேலை.

கதிரவேலைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 'உப்புக்காற்று' என்று பொப் குழு வைத்திருந்த பெடியன். பெல்பொட்டம் கால்சட்டையால் வீதியைக் கூட்டிக்கொண்டு நடந்தவன். அவன் கிற்றாரைத் தொட்டால் கரைவலை இழுக்கிற ஆட்கள் அவன் தாளத்துக்கு இழுத்து மீனெல்லாம் தப்பிப் போகிறதென்று வலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டிமார் முறைப்பாடு செய்தார்களாம். எழுபத்தேழில் செங்கமாரி வந்து செத்துப்போனான். அதற்குச் சற்று முன் நானாவின் ரெக்கோடரை இரவல் வாங்கி, ஒரு தோணிக் கொட்டிலுக்குள் தனியே இருந்து புதுப் பாட்டுகள் பதிந்திருந்தான். நாடாவை நானாவிடம் கொடுக்கையில், "இன்னும் சரிவரேல்லை நானா. நான் வந்து சொல்லுமட்டும் ஒருத்தருக்கும் போடக்கூடாது. நீங்களும் கேக்கக்கூடாது" என்றான். நானா ஓம் என்றார். அவன் வந்து சொல்லவேயில்லை.

அந்த ஓமை நானா காப்பாற்றிய விதத்தைக் கேளுங்கள். கடற்காற்றுக்கு நாடா பூஞ்சணம் பிடித்து ஒட்டிவிடும். இடைக்கிடை ஓடவிட வேண்டும். ஓடவிட்டால் பாட்டுக் கேட்டுவிடும். ஆகவே சத்தக் குமிழை அடியோடு குறைத்து, எவனும் கை வைக்காதபடி அதைக் கழற்றித் தன் மடியில் செருகிக்கொண்டு நாடாவை ஓட்டுவார். ரெக்கோடரின் நெற்றியில் ஒரு பச்சை வெளிச்சம் உண்டு. பாட்டின் ஏற்ற இறக்கத்துக்கு அது விரியும், சுருங்கும். அவ்வளவுதான்.

அதைப் பார்க்கச் சனம் வரும். இந்த இடத்தில் நான் புளுகவில்லை. புளுக வேண்டிய தேவையே இல்லை. மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் புடவைக்கடை ஹிஸ்புல்லா வருவார். சாம்பல்தீவிலிருந்து, மீன் விற்ற கையோடு, தம்பிராசா சைக்கிளில் வருவார். பாட்டுகளைக் கொழும்புக்குக் கொண்டுபோய் இசைத்தட்டு ஆக்கவேண்டும் என்பது ஹிஸ்புல்லாவின் கட்சி. சரிவரவில்லை என்று பாடினவனே சொன்னதை வெளியில் விட்டால் அவன் பேர் கெட்டுவிடும் என்பது தம்பிராசாவின் கட்சி.

"இதுதான் அவன்ட உச்சப் பாட்டு. பாருங்க, வெளிச்சம் எப்பிடி நிண்டு எரியிது!"

"அது தொண்டை கட்டி இழுக்கிறான் காணும். விசர்க்கதை கதையாதையும்."

"கேக்காத பாட்டுல தொண்டை கட்டினது ஒமக்கு எப்பிடித் தெரியும்?"

"கேக்காத பாட்டு உச்சம் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

நானா திரும்பி முறைப்பார். "சத்தம் போடாதீங்க. பாட்டு நடக்கிது."

போன மாதம் அந்த நாளில் தங்கேஸ்வரி வந்தாள். கதிரவேலின் அக்கா; இறக்கக்கண்டியில் வாழ்க்கைப்பட்டவள். தம்பி செத்த பிறகு அந்தக் கடைப் பக்கமே தலைவைக்காதவள். வெளிச்சம் அடங்குமட்டும் நின்று பார்த்தாள். நாடா ஓடி முடிந்ததும் நானா வழக்கம்போலப் பஞ்சை நனைத்து, நாடா உரசிப்போகும் இடத்தைத் துடைத்தார். பஞ்சில் மண்ணிறமாய் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

"இதென்ன நானா, துருவோ?"

"துரு இல்ல தங்கச்சி. நாடாவுட தூள். ஓட ஓடக் கொஞ்சம் உதிரும்."

"அப்ப இது தம்பியின்ட குரலோ?"

அவள் பஞ்சை வாங்கிப் பார்த்தாள்.

"நாலு பேர் கேட்டுத் தேஞ்சால் பரவாயில்லை. ஒருத்தரும் கேக்காமலெல்லோ கொட்டுண்டு போகுது! எனக்கு அவன்ட முகம் இருக்கு, படத்திலை. குரல் மறந்துபோச்சு நானா. யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன், வருகுதில்லை."

"வாக்குக் குடுத்திருக்கன் புள்ள. அவன் வந்து சொல்லோணும்."

"அவன் வரமாட்டான். அவனுக்குக் கொள்ளி வைக்க ஆளில்லாமல் என்ட மனிசன்தான் வைச்சவர். அவனுக்காகச் சொல்லவும் நாங்கள்தான் இருக்கிறம். நான் சொல்லுறன். போடுங்கோ."

நானா மடியிலிருந்து குமிழை எடுத்துப் பூட்டினார். நாடாவைத் தலைப்புக்குச் சுற்றி, ஓடவிட்டார்.

முதலில் ஒரு இருமல். பிறகு கிற்றார். பிறகு அவன். இரண்டு அடி பாடி நிறுத்தினான். "சீ, சரிவரேல்லை" என்று சிரித்தான். திரும்ப முதலிலிருந்து பிடித்தான். கரகரத்த குரல்தான். ஆனால் அந்த இரண்டாந்தரம், பாட்டு வள்ளம் அலை ஏறுவது போல எழும்பிப் போயிற்று.

"அம்மா மாதிரியே இருமுறான் பாருங்கோ" என்று தங்கேஸ்வரி அழுதுகொண்டே சிரித்தாள்.

"நான் சொன்னனான்தானே, தொண்டை கட்டினதெண்டு!" என்றார் தம்பிராசா, மூக்கை உறிஞ்சியபடி.

"கட்டின தொண்டையால இப்பிடிப் பாடினவன் வேற ஆரு?" என்றார் ஹிஸ்புல்லா.

"பிள்ளையளுக்கு மாமன்ட பாட்டைக் காட்டோணும். எனக்கு ஒண்டு கசட்டிலை பதிஞ்சு தாங்கோ நானா" என்றாள் அவள்.

"எனக்கும் ஒண்டு" என்றார் ஹிஸ்புல்லா.

தம்பிராசா கொஞ்சம் நெளிந்தார். "எனக்கும்... வெளியிலை விட இல்லை, கண்டீரோ. வீட்டிலை வைச்சுக் கேக்க."

நானா ராக்கைத் தட்டிலிருந்து ஒரு புதுக் கசட்டை எடுத்து, அதன் கண்ணாடித்தாளைப் பல்லால் கடித்துக் கிழித்தார்.