ஐயாவின் பொய்க் குறட்டை

போடியிலிருந்து மலைமேல் மெட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளில் இன்று பாதிக்கு மேல் என்னுடையவை. பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமைப்படத் தகுந்த காரியம் என்பதால் சொல்கிறேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அதுவும் டீச்சர் மனமிரங்கித் தள்ளிவிட்டது. காலேஜ் முடித்த பிள்ளைகள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். தொழில் ரகசியம் என்ன என்று கேட்கிறார்கள். ஜீப்பில் ஏறுகிறவன் காசு கொடுப்பது தூரத்துக்கு, பயப்படுவது வளைவுக்கு. அந்தப் பயத்தை அவனுக்கே தெரியாமல் இறக்கிவைக்கத் தெரிந்திருக்க வேண்டும். இதை எந்தக் காலேஜிலும் சொல்லித்தருவதில்லை. நான் பாவாடை கட்டுகிற வயதில் வீட்டிலேயே பழகிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் யாருக்கும் பயம் கிடையாது. ராசிங்காபுரம் முழுக்க அப்படித்தான் பேச்சு. ஆத்தா தேளை வெறுங்காலால் நசுக்கிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவாள். ஆனால் ஐப்பசியில் இடி இடித்தால் கழுவி வைத்த பாத்திரத்தை எல்லாம் எடுத்து மறுபடி கழுவத் தொடங்குவாள். ஒருநாள் நான் போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத ஆத்தா" என்றேன். முதுகில் ஒன்று விழுந்தது. "யாருடி பயந்தது?" என்றாள்.

அன்றைக்கு எனக்குப் புத்தி வந்தது. பயந்தவர்களிடம் பயப்படாதே என்று சொன்னால் பயத்தோடு மானக்கேடும் சேர்ந்துகொள்கிறது. அடுத்த இடிக்கு நான் வாயைத் திறக்கவில்லை. தலையைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்து, அரிக்கிறது, பேன் பார் என்றேன். முதலில் விரல் நடுங்கியது. ஒரு பேன் அகப்பட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது. கைக்கு ஒரு சோலி கொடுத்தால் நெஞ்சு தன்னால் அடங்கிவிடும். அந்த ஐப்பசியில் ஊரிலேயே சுத்தமான தலை என்னுடையதுதான்.

ஆத்தாவை விடப் பெரிய வேலை ஐயா, என் தகப்பனார். அவர் மீசையைப் பார்த்து வரப்புத் தகராறுகள் தாமாகவே தீர்ந்திருக்கின்றன. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு துண்டு ஏலத்தோட்டம் இருந்தது. அதற்கு அவர் எப்போதும் பழைய கழுதைப்பாதை வழியாக நடந்தேதான் ஏறுவார். ஜீப்பில் போனால் கால் செத்துப்போகும் என்று ஊருக்கு உபதேசமும் செய்வார். மழைக்காலத்தில் வேறு வழியில்லாமல் ஜீப்பில் ஏறினால், அடிவாரம் தாண்டுவதற்குள் குறட்டை கேட்கும். கதவில்லாத ஜீப்பு, கீழே கிடுகிடு பள்ளம், இதில் தூங்குகிறாரே, என்ன நெஞ்சுரம் என்று கூட வந்தவர்கள் மெச்சுவார்கள்.

எனக்கு மட்டும் தெரியும். ஐயாவின் நிஜக் குறட்டை முடிகிற இடத்தில் ஒரு விசில் வரும். ஜீப்பில் விட்ட குறட்டையில் விசில் இல்லை. தவிர, மடியில் உட்கார்ந்திருந்த என் சடையை ஒவ்வொரு வளைவுக்கும் மாட்டுக் கயிறு மாதிரி இறுக்கிப் பிடிப்பார். தூங்குகிறவர் வளைவைக் கண்டாரா?

நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவுக்குச் சம்பந்தம் வந்தபோதுதான் அந்த விசில் இல்லாத குறட்டை பெரிய சிக்கலாகிவிட்டது.

மாப்பிள்ளை வீடு உத்தமபாளையம். நெல்லு விளைவிக்கும் குடும்பம். அக்கா அந்த மாப்பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் ஏற்கெனவே பார்த்து, இவர் இல்லாவிட்டால் யாரும் வேண்டாம் என்று என் காதில் மட்டும் சொல்லி வைத்திருந்தாள். மாப்பிள்ளையின் தகப்பனாரான நெல்லுக்காரர் எல்லாம் பிடித்திருக்கிறது என்றார். தோட்டத்தை மட்டும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றார். அவர்மேல் குற்றம் இல்லை. அந்தக் காலத்தில் ரோட்டில் நின்றபடி, "அந்தா தெரியுதுல்ல, அதுதான் நம்ம தோட்டம்" என்று எவனுடைய மலையையோ விரலால் காட்டிப் பெண்ணைக் கட்டிக்கொடுத்த மகான்கள் நிறையப் பேர். வாரம் ஒருமுறை மலையேறுகிறவன் வளைவில் நடுங்கினால், அந்தத் தோட்டமும் விரலால் காட்டிய தோட்டம்தான் என்று அவர் முடிவு கட்டிவிடுவார்.

ஐயா நடந்து போகலாம் என்று சொல்லிப் பார்த்தார். நெல்லுக்காரர் தமக்கு முட்டி வலி என்று ஜீப்பையே வாடகைக்குப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். கூட மாப்பிள்ளையின் தாய்மாமன். விருந்தாளியை வைத்துக்கொண்டு ஐயா தூங்க முடியாது. பேசிக்கொண்டே போக வேண்டும். அவர் முகம் பச்சைக்காய் நிறத்துக்குப் போனது.

அப்போது ஆத்தாதான் ஒரு தடை சொன்னாள். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாதாம். மூன்று பேர் போகவேண்டி வந்தால் நாலாவதாக ஒரு கல்லையாவது கையில் எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். டிரைவர் கணக்கில் சேரமாட்டார். கல்லுக்குப் பதில் என்னைப் பிடித்து ஏற்றிவிட்டாள். எதற்காக என்னை என்று அன்று நான் யோசிக்கவில்லை.

முன் சீட்டில் டிரைவர், நடுவில் ஐயா, அவர் மடியில் நான், ஓரத்தில் மரியாதைக்கு நெல்லுக்காரர். தாய்மாமன் பின்னால். ஐயாவின் சட்டைப்பைக்குள் சாம்பிள் ஏலக்காய்ப் பை ஒன்று இருந்தது. ஏலக் கடைக்குக் காட்ட ஆத்தாவும் அக்காவும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிய காய். பச்சை மாறாத கொழுத்த காய். தோட்டத்தைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் அதுபோல இன்னொரு பிடி கிடைக்காது. எங்கள் வீட்டில் விற்கிற காயை வாயில் போடக்கூடாது என்பது சட்டம். பாயசத்துக்கே வெடித்த காய்தான்.

முதல் வளைவில் சடை இறுகியது. நெல்லுக்காரர் தோட்டத்து விளைச்சலைப் பற்றி ஏதோ கேட்டார். ஐயாவுக்கு வாய் திறக்கவில்லை. அவர் திரும்பி ஐயாவின் முகத்தைப் பார்த்தார். இனி தாமதித்தால் அக்கா கல்யாணம் பள்ளத்தில்தான் என்று தெரிந்தது. இங்கே பேன் பார்க்கச் சொல்ல முடியாது. ஐயாவின் பைக்குள் கையை விட்டு ஒரு கொழுத்த காயை எடுத்து வாயில் போட்டுக் கடித்தேன்.

ஐயாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. "அடியேய், சாம்பிள் காய்டி அது."

"கொமட்டுது ஐயா. உரிச்சுக் குடுங்க."

"எலுமிச்சம்பழம் மோந்துக்க. காயைத் தொட்டே, கையை ஒடிப்பேன்."

"அப்ப வேட்டியில வாந்தி எடுத்துருவேன்."

கஞ்சி போட்டு, கல்யாணப் பேச்சுக்கென்று கட்டிய வேட்டி. ஐயா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு காயை உரித்தார். உரித்தால் தலை குனிய வேண்டும். குனிந்தால் பள்ளம் தெரியாது. அடுத்த வளைவுக்கு முன்பே அடுத்த காய் கேட்டேன். முதல் தரக் காய் ஒவ்வொன்றும் தோலாகி ஜீப்புக்கு வெளியே பறக்கப் பறக்க, அவருக்கு நெஞ்சு முழுக்க என்மேல் கோபம். கோபம் உட்கார்ந்த இடத்தில் பயத்துக்கு இடம் ஏது? விளைச்சல், உரம், கூலியாள் என்று நெல்லுக்காரர் கேட்டதற்கெல்லாம் கடகடவென்று பதில் வந்தது. என் சடை விடுதலையாகித் தொங்கியது.

நெல்லுக்காரர் அந்தக் காய்களையே பார்த்துக்கொண்டு வந்தார். "இம்புட்டு ஒசத்திக் காயவா பிள்ளைக்குத் திங்கக் குடுக்குறீக?" என்றார்.

ஐயா என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, "இதென்ன, தோட்டத்துல காலுல மிதிபடுறதுதானே" என்றார். பயம் போனதும் பொய் எவ்வளவு சரளமாக வருகிறது.

அடுத்த வளைவு நெல்லுக்காரரின் பக்கம் பள்ளமாக வந்தது. எதிரே ஒரு லாரி. டிரைவர் விளிம்பு வரை ஒதுக்கினார். எங்கள் டயரிலிருந்து ஒரு கல் உருண்டு கீழே போன சத்தம் வெகுநேரம் கேட்டது. நெல்லுக்காரரைப் பார்த்தேன். கம்பியைப் பிடித்திருந்த கையில் ரத்தமே இல்லை.

"எனக்கும் ரெண்டு காய் குடுங்க, சம்பந்தி" என்றார். "நானே உரிச்சுக்கிறேன்."

அவ்வளவுதான். அக்கா கல்யாணம் சம்பந்தி என்ற அந்த ஒரு சொல்லில் முடிவானது. பின்னாலிருந்து தாய்மாமனின் கையும் நீண்டது. மெட்டுக்குப் போய்ச் சேரும்போது பையில் தூசிகூட இல்லை.

மேலே தோட்டத்தை நெல்லுக்காரர் பார்த்தது கொஞ்சம்தான். மண்ணைப் பார்க்கிறேன் என்று தரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்ததும், முட்டி வலிக்கு இறக்கத்தில் நடப்பது நல்லது என்று வைத்தியர் சொன்னதாக ஆரம்பித்தார். ஐயா அவரை முடிக்க விடவில்லை, தாமே சொல்ல நினைத்தது அதைத்தான் என்றார். தாய்மாமன் அதற்குள் கழுதைப்பாதையில் பாதித் தூரத்தில் இருந்தார்.

ஐயா நின்றார். மூன்று பேர். என்னைத் திரும்பிப் பார்த்தார். முன் சீட்டு முழுசும் காலியாக இருப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் வலிக்கிறது என்றேன். அவர் ஒரு கல்லை எடுத்துத் துண்டு முனையில் முடிந்துகொண்டு நடந்தார். டிரைவரும் நானும் ராஜா மாதிரி ஜீப்பில் இறங்கினோம். அன்றைக்கே எனக்கு இந்தத் தொழில் பிடித்துப்போய்விட்டது.

நான் மட்டும் தனியாக வந்து இறங்கியதைக் கண்டு ஆத்தா வாசலிலேயே நின்றுவிட்டாள். சம்பந்தி என்று சொல்லிவிட்டார் என்றேன். உள்ளே அக்கா கையிலிருந்த சொம்பு விழுந்து உருண்டது.

பொழுது சாய ஐயா வந்தார். துண்டை அவிழ்த்துக் கல்லை முற்றத்தில் போட்டார். ஆத்தா காய்ப் பையைக் கேட்டாள். வெறும் பையை உதறிக் காட்டி, "ஒம் மகளைக் கேளு" என்றார். அவள் கண்வலிக்கக் கண்வலிக்கப் பொறுக்கிய காய். என் பக்கம் திரும்பினாள்.

நான் போய் அவள் மடியில் தலையை வைத்தேன். "ஆத்தா, தலை அரிக்குது."

வானத்தில் இடி இடிக்க ஒரு மேகம்கூட இல்லை. அவள் விரல் தலைக்குள் நுழைந்தது.

"பேனும் இல்ல, ஒண்ணும் இல்லடி" என்றாள். ஆனால் பார்ப்பதை நிறுத்தவில்லை.