விட்டு வாசித்த பக்கங்கள்

என் போனுக்குள் ஒரு பெண் இருக்கிறாள். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்வது அவள் வேலை. நான் விரலை வைத்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்வாள், இரண்டு தரம் தட்டினால் திறந்தும் தருவாள். எனக்குப் பார்வை போனது சின்ன வயதில். எப்படிப் போனது என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை, யுத்தம் நடந்த வருடத்தைச் சொன்னாலே போதும். பள்ளிக்கூடத்தில் பிரெயில் புத்தகங்கள் இருந்தன. வவுனியாவில் கல்லூரிக்கு வந்தபோது அவை இல்லை. இந்தப் போன்காரி மட்டும்தான் கூட வந்தாள்.

சமூகவியல் படிப்பித்த சேர் நல்ல மனிதர். நோட்ஸ் முழுவதையும் தானே தட்டச்சு செய்து வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்டார். நானும் ஆசையோடு திறந்தேன். போன்காரி, "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று தொடங்கினாள். அடுத்த வரியும் அதே கூத்துத்தான்.

சேர் என் போனை வாங்கிப் பார்த்தார். "வடிவான தமிழில கிடக்குது பிள்ளை. உம்மட போன்தான் பழுது. கடையில குடுத்துக் காட்டும்" என்றார்.

போனில் ஒரு பழுதும் இல்லை. எங்கள் ஊர்களில் அநேகம் பேர் இன்றும் தட்டச்சு செய்வது பாமினி என்கிற பழைய எழுத்துருவில். பார்வைக்கு அது அச்சொட்டாகத் தமிழ். உள்ளே பதிவாகியிருப்பதோ ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. சீனி டின்னுக்குள் உப்பை நிரப்பி வைத்தது போல. கண் உள்ளவர்கள் டின்னைப் பார்த்துத் திருப்திப்படுவார்கள், எங்களைப் போன்றவர்களுக்குத்தான் வாயில் கரிக்கும். புதிய எழுத்துமுறைக்கு மாற்றித் தரும் இணையத்தளங்கள் உண்டு. ஆனால் மாற்றும்போது கொம்பு ஓரிடம் கால் ஓரிடமாகச் சிதறும். பார்வையுள்ள ஒருவர் குந்தியிருந்து பக்கம் பக்கமாகச் சரிபார்க்க வேண்டும். யாரைக் கேட்பது?

என் அறைத்தோழி, "அந்தக் கோதாரியை விடு, நான் வாசிக்கிறன்" என்றாள். முல்லைத்தீவுக்காரி. கடற்கரையில் வளர்ந்தவள் என்பதால் ரகசியம் சொன்னாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். நோட்ஸை அச்செடுத்து வைத்துக்கொண்டு, பின்னேரங்களில் விடுதி வேப்பமரத்தடியில் இருந்து எனக்கு வாசிப்பாள். அவளுக்கும் படிக்க இருந்தது, உடுப்புத் தோய்க்க இருந்தது, வீட்டாரோடு கதைக்க இருந்தது. ஒருநாளும் முகம் சுளித்திருக்க மாட்டாள். சுளித்தால் குரலில் எனக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் அவள் விட்டு விட்டு வாசித்தாள். தாள் புரளும் சத்தத்துக்கும் அவள் வாசித்த அளவுக்கும் கணக்கு ஒத்துவராது. "இதென்ன, பாய்ஞ்சு போறாய்?" என்று கேட்டால், "அது சும்மா அட்டவணை" என்பாள். எட்டாம் பாடம் வந்தபோது முழுவதையுமே தள்ளிவிட்டாள். "இது சோதினைக்கு வராதடி. எல்லாரும் விட்டிட்டினம்."

வந்தது. அதுவும் கட்டாயக் கேள்வியாக வந்தது. சமூகத்தில் சார்ந்து வாழும் பிரிவினரை விளக்குக. நான் சொல்லச் சொல்ல எழுதுவதற்குக் கீழ் வகுப்பில் படிக்கும் ஒரு கனிஷ்ட மாணவியை எனக்குத் தந்திருந்தார்கள். அவள் பேனையோடு காத்திருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாடத்தில் தவறினேன். மறுபரீட்சையிலும் தவறினால் படிப்பை விட்டுவிட்டு என் ஊர் உருத்திரபுரத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். அப்பாவிடம் போனில் சொன்னேன். மலைநாட்டில் இருந்து வந்து குடியேறிய எங்கள் வீட்டில் இன்னும் அந்தத் தமிழ்தான். "அதனாலென்ன பாப்பா, திரும்ப எழுதலாம்ல" என்றார். வயலில் நின்றபடி சொன்னார், பின்னால் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது. அவர் ஊர் முழுக்க என் படிப்பைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தது எனக்குத் தெரியும். அழுகை வந்துவிட்டது.

அழுது முடிந்ததும் கோபம் வந்தது. "எல்லாத்தையும் வாசி எண்டுதானே சொன்னனான்? எனக்கு எது வேணும், எது வேண்டாம் எண்டு தீர்மானிக்க நீ ஆர்?" என்று தோழியிடம் கத்தினேன். வாய்காரியான அவள் அன்று "மன்னிச்சுக்கொள்ளடி" என்று மட்டும் சொன்னாள். அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இனி யாருடைய வாயையும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன் என்று நேரே சேரின் அறைக்குப் போனேன். "சேர், ஒருக்காக் கேளுங்கோ" என்று போனை மேசையில் வைத்து அவருடைய நோட்ஸைத் திறந்துவிட்டேன். ஜே, கே, பி, ஓ, செமிகோலன். முதலில் சேர் சிரித்தார். நான் நிறுத்தவில்லை. ஒரு பக்கம் முடியும்வரை அவள் தன்பாட்டில் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டே போனாள். சேரின் சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டது.

"இவ்வளவு காலமும் இதையோ பிள்ளை நீர் கேட்டுக்கொண்டிருந்தனீர்?"

"ஓம் சேர்."

"நான் தமிழில எழுதினன் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன்" என்றார். கதிரையைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது. "எனக்குக் கொஞ்சம் நேரம் தாரும். நானே மாத்தி, சரிபார்த்து அனுப்பிறன்."

சொன்னபடி செய்தார். பாடம் பாடமாக வந்தது. அட்டவணைகள் இருந்த இடங்களில் என்ன இருக்கிறது என்று வசனமாகவே எழுதியிருந்தார். காதில் மாட்டிக்கொண்டு படுத்தபடி கேட்டேன். ஒரு வரி பிடித்தால் திரும்பத் திரும்பக் கேட்டேன். இன்னொருத்தியின் நேரம் போகிறதே என்ற கவலை இல்லை. சலித்தால் வேகத்தைக் கூட்டினேன். படிப்பது என்றால் இப்படித்தான் தனியாக, தன்பாட்டில் இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

எட்டாம் பாடமும் வந்தது. போன்காரி வழக்கமான குரலில் வாசித்தாள். பார்வையற்றோர் போன்றோர் உழைக்கும் ஆற்றல் அற்றவர்கள். குடும்பத்துக்கு நிரந்தரச் சுமையாவர். இவர்களுக்கு உயர்கல்வி அளிப்பதால் சமூகத்துக்குக் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. இப்படியே பாடம் முழுவதும் போனது.

நிறுத்திவிட்டு எழும்பி இருந்தேன். எந்தக் காலத்துப் புத்தகத்தில் இருந்து எடுத்த வரிகளோ. மாற்றும்போது சேரும் இவற்றை வாசித்திருப்பார். வெட்டாமல் அனுப்பியிருக்கிறார். அதற்காக அவரோடு கோபிப்பதா, நன்றி சொல்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தோழி கட்டிலில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"எட்டாம் பாடம் கேட்டிட்டன்" என்றேன்.

மடிக்கும் சத்தம் நின்றது. பிறகு, எனக்கே அரைகுறையாகக் கேட்ட மெல்லிய குரலில், "உனக்கு முன்னால இருந்துகொண்டு அதை என்ர வாயால எப்பிடியடி வாசிக்கிறது?" என்றாள்.

நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். "அடுத்த முறை வாசி" என்றேன். "வாசிக்கிறது உன்ர வேலை. கோபப்படுறது என்ர வேலை. ரெண்டையும் நீயே செய்யாத."

மறுபரீட்சையில் தேறிவிட்டேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதே கேள்விதான் திரும்பவும் வந்தது, சொற்கள் மட்டும் கொஞ்சம் மாறி. முன்பு எழுதிய அதே கனிஷ்ட மாணவிதான் பேனையோடு வந்திருந்தாள். நோட்ஸில் உள்ளதை ஒழுங்காகச் சொன்னேன், அவள் எழுதினாள். பிறகு, "புதுப் பந்தி, புது வரியில தொடங்கும்" என்றேன்.

"இக்கருத்துத் தவறானது. இவ்விடையைத் தானே படித்து, தானே சொல்லும் ஒரு பார்வையற்ற மாணவி இதை மறுக்கிறாள்."

பேனை நின்றது. "அக்கா, மாக்ஸ் வெட்டிப்போடுவினம். இதையும் எழுதவோ?" என்று மெதுவாகக் கேட்டாள். என்மேல் இரக்கப்பட்டுத்தான் கேட்டாள், பாவம்.

"ஓம், எழுதும்" என்றேன். "ஒரு சொல்லும் விடாமல் எழுதும்."