என் கைக்குப் பயந்தவன்

சிட்னியில் நான் தங்கிப் படித்த கல்லூரி விடுதியில், வந்து பத்து மாதமாகியும் என் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் மூன்று பேர்கூட இல்லை. சாப்பாட்டு மண்டபத்தில் உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்வதற்கு மேல் யாரும் என்னோடு பேசியதில்லை. எழுபதுகளின் தொடக்கம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி ஸ்ட்ராத்ஃபீல்டில் தெரிந்த ஒரு அன்ரி வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடுவேன். மற்ற ஆறு நாளும் வாயைத் திறக்காமலே போய்விடும்.

அதை மாற்றியது ஓர் அமெரிக்கன். பாறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவன். பெட்டியில் தன் நாட்டுக் கால்பந்து ஒன்றையும் கொண்டு வந்திருந்தான், இரண்டு முனையும் கூரான பந்து. வேலிக்கு அந்தப் பக்கத்து விடுதிக்காரர்கள் ஆண்டுதோறும் ரக்பியில் எங்களைத் துவைத்துக் காயப்போடுவார்கள். இந்த முறை அமெரிக்க ஆட்டத்துக்கு அவர்களைக் கூப்பிடுவோம், அவர்களுக்கும் ஒன்றும் தெரியாது, நமக்கும் ஒன்றும் தெரியாது என்றான். அவர்களும் அடுத்த சனிக்கிழமைக்குச் சரி என்றார்கள். தலைக்கவசம் கிடையாது என்பதால் யாரும் யாரையும் விழுத்தக் கூடாது, பந்து வைத்திருப்பவனை இரு கையாலும் தொட்டால் போதும் என்று முடிவானது.

அந்த ஆட்டத்தில் பந்தை முன்னால் எறியலாம். எறிகிறவனுக்குப் பெயர் குவார்ட்டர்பேக். அமெரிக்கன் எங்களை மைதானத்தின் ஒரு முனையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவராக எறியச் சொன்னான். முதலில் கையைப் பார்க்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு கற்றுக்கொள்ளலாம் என்பது அவன் கட்சி. நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டில் நின்று பழகியவன். நான் எறிந்த பந்து மறுமுனையில் இருந்த அத்திமரத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் நான் கேட்காமலே உப்பு என்னிடம் வந்தது. அடுத்த நாளே எனக்கு ‘ஆர்ம்’, அதாவது கை, என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என்னைத் தவிர அங்கே இன்னொரு தமிழர் இருந்தார். மெட்ராஸ்காரர். வேதியியல் ஆராய்ச்சி, தடித்த கண்ணாடி, என்னைவிட நாலைந்து வயது கூட. அவர் எறிந்த பந்து பத்தடியில் களைத்துப் படுத்துவிட்டது. ஆனால் யார் எங்கே ஓட வேண்டும் என்று அமெரிக்கன் சொன்னதை எல்லாம் ஒரு கொப்பியில் படமாக வரைந்து, இரண்டே நாளில் அவனுக்கே திருத்தம் சொல்லத் தொடங்கினார். எனக்கு அடுத்த எறிகாரராக அவரையே வைத்தான் அமெரிக்கன். எனக்குச் சிரிப்பு வந்தது.

சிரிப்பு பயிற்சியில் அடங்கியது. என் பந்தை யாராலும் பிடிக்க முடியவில்லை. முன்னால் எறிந்தால் ரக்பியில் குற்றம். அதனால் பந்து தங்களைத் தாண்டி முன்னே போனதும் எங்கள் ஆட்கள் ஓடுவதை நிறுத்திவிட்டு, விசில் ஊதப் போகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்கள். அதையாவது அமெரிக்கன் கத்திக் கத்தி மாற்றினான். என் பந்தைத் தேடி ஓட வேண்டியவன் கோதுமைப் பண்ணையிலிருந்து வந்த ஒரு நெட்டையன். விடுதியிலேயே வேகமானவன், என்னோடு முதலில் நட்பானவனும் அவன்தான். என் பந்து நேரே அவன் நெஞ்சில் போய் இடித்தது. மூன்றாம் நாள் இடது கைச் சின்னவிரலில் பட்டு மூட்டு விலகியது. அவனே அதை இழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்து விரலோடு சேர்த்துப் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தான். “என் பிழைதான், மேட்” என்றான், அங்கே நண்பனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் நம்பினேன். நம்ப எனக்கு வசதியாக இருந்தது.

அன்று குளியலறைக்குப் போகும் வழியில் மெட்ராஸ்காரர் என்னை நிறுத்தினார்.

“கோவிச்சுக்காதீங்க. அவன் ஓடிட்டிருக்கான். நீங்க அவன் நிக்கிற எடத்துக்கு எறியறீங்க. கீப்பர் ஸ்டம்ப்புக்குப் பின்னாடி அசையாம நிப்பாரு, அவர் கையுறைக்குக் குறி வச்சு எறியலாம். இவன் கிட்ட கையுறையும் இல்ல, நிக்கவும் இல்ல.”

“அவனுக்குப் பிடிக்கத் தெரியேல்லை. அதுக்கு நான் என்ன செய்யிறது?”

“அவன் முகத்தப் பாத்தீங்களா? உங்க பந்து வரும்போது கண்ண மூடிக்கிறான்.”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. “ஓம், உங்களுக்கு எறிய ஏலாது. அதுதான் என்னை மெல்ல எறியச் சொல்லுறீங்கள். சனிக்கிழமை என்ரை இடத்திலை நிக்கலாம் எண்டு பாக்கிறீங்களோ?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். “ஆமா, ஆசைதான்” என்றார். “அதுக்காக நான் சொன்னது பொய்யாயிடாது.”

அந்த நேர்மைதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். மெல்ல எறிந்தால் நான் யார்? மெல்ல எறிய அந்த விடுதியில் எழுபது பேர் இருந்தார்கள். அத்திமரத்தைத் தாண்டி எறிய நான் ஒருவன்தான். சனிக்கிழமை அந்தக் கையை விட்டுக்கொடுத்தால், ஞாயிற்றுக்கிழமையே பழையபடி பெயரில்லாதவனாகிவிடுவேன். நான் பயந்தது அதற்குத்தான்.

சனிக்கிழமை இரண்டு விடுதியும் மைதானத்தைச் சுற்றி நின்றன. முதல் பாதியில் ஒன்பது தடவை எறிந்தேன். ஒன்றைக்கூட எங்கள் ஆட்கள் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு பந்தும் உயரே போகும்போது கூட்டம் “ஆர்ம்!” என்று கத்தியது, பந்து புல்லில் விழுந்த பிறகும் கைதட்டியது. எதிரணிக்காரர்கள் பந்தைக் கைமாற்றிக் குறுக்கே ஓடி ஒரு தடவை எங்கள் கோட்டைக் கடந்துவிட்டார்கள். ஆறு புள்ளி. இரண்டாம் பாதியில் அமெரிக்கன் மெட்ராஸ்காரரை எறிய விட்டான். பத்தடி, எட்டடி, ஆறடி என்று பிச்சைக்காரத்தனமாக எறிந்தார். எல்லாவற்றையும் பிடித்தார்கள். ஓர் எறியில் கோட்டையும் கடந்து எங்களுக்கும் ஆறு வந்தது. யாரும் அவர் பெயரைக் கத்தவில்லை. நான் ஓரத்தில் நின்று பல்லைக் கடித்தேன். அவர் தவறவிட வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டதை இப்போது சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது.

எதிரணி இன்னொரு தடவை கோட்டைக் கடந்தது. கடைசி வாய்ப்பு எங்களுக்கு, கோட்டைக் கடந்தால் சமன். கோடு முப்பது அடிக்கு மேல் தள்ளி. அமெரிக்கன் என்னைக் கூப்பிட்டான். “இனிக் கைதான்” என்றான். மெட்ராஸ்காரரையும் உள்ளே நிறுத்தினான், எனக்குப் பக்கத்தில், வேறு வழியில்லாவிட்டால் கொடுப்பதற்கு.

பந்து என் கைக்கு வந்தது. பின்னால் நாலடி வைத்தேன். எதிரணிக்காரர்கள் என் கையைப் பார்த்துக்கொண்டே பின்வாங்கினார்கள். நெட்டையன் வலது பக்கமாக ஓடி இருவரை ஏமாற்றிவிட்டுக் கோட்டுக்கு அப்பால் போய்த் திரும்பினான். அவனைச் சுற்றி ஒருவனும் இல்லை. அவன் நின்ற இடம் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. கை உயர்ந்துவிட்டது. கூட்டம் கத்தத் தொடங்கியது.

அப்போது அவன் கைகளைப் பார்த்தேன். நீட்ட வேண்டிய கைகளை நெஞ்சோடு சேர்த்து, பிளாஸ்டர் சுற்றிய விரலை மற்றக் கைக்குள் மறைத்துக்கொண்டிருந்தான். இன்னும் பந்து என் கையில்தான் இருந்தது. அதற்குள் அவன் கண்ணை மூடிவிட்டான்.

என்னால் எறிய முடியவில்லை. பக்கத்தில் ஓடிய மெட்ராஸ்காரருக்கு, மூன்றடி தூரம், பந்தைத் தூக்கிப் போட்டேன். இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தார். எல்லாரும் பின்வாங்கியிருந்ததால் அவருக்கு முன்னால் வெறும் புல். ஓடினார், அவர் ஓட்டத்தில். கோட்டுக்கு ஓரடி இருக்கும்போது முதுகில் இரண்டு கைகள் விழுந்தன. விசில் ஊதிவிட்டார்கள்.

அமெரிக்கன் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தான். “அவ்வளவு பெரிய கையை வைத்துக்கொண்டு இதையா எறிந்தாய்?” என்றான். இரவுச் சாப்பாட்டில் உப்பு தூரத்தில் இருந்தது. நான் கேட்கவும் இல்லை.

படியேறும்போது மெட்ராஸ்காரர் பின்னால் வந்தார். “அவன் கைய நீட்டியிருந்தா?”

“எறிஞ்சிருப்பன்” என்றேன். “முழுப் பலத்தோடை.”

“தெரியும்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

அடுத்த நாள் ஞாயிறு. வழக்கமாகப் போகும் ரயிலுக்கு முந்திய ரயிலைப் பிடிக்க, யார் கண்ணிலும் படாமல் பின்வாசலால் இறங்கினேன். புல்வெளியில் நெட்டையன் நின்றிருந்தான், கையில் அமெரிக்கனின் பந்து. அதை என்னிடம் தந்துவிட்டு, பதினைந்து அடி பின்னால் போனான். விரல் நீலமாக வீங்கியிருந்தது. இரண்டு கையையும் முன்னால் நீட்டினான்.

“எறி, மேட்.”

அவன் நீட்டிய கைகளைப் பார்த்தேன். எறிந்தேன். பந்து வந்து சேரும்வரை அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.