மாப்பிள்ளைத் தட்டில் கௌப்பி

போன கிழமை மகள் என்னைக் கல்முனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பிரதான வீதியில் புதிதாக ஒரு சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, சுவரில் பிளாஸ்டிக் புல். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரு மரக் கிண்ணம் வந்தது. அவித்த கௌப்பிப் பயறு, அதன்மேல் நறுக்கிய வெள்ளரிக்காய், பக்கத்தில் குட்டிக் கோப்பைகள் மூன்றில் மூன்று நிறத்தில் சோஸ். கொண்டுவந்து வைத்த பெண்பிள்ளை மிகவும் அன்பாகத்தான் சொன்னது.

"அங்கிள், இது எங்கட புது ஐட்டம். சீனி இரிக்கிறவங்களுக்கு நல்லம். சோஸத் தொட்டுச் சாப்பிடுங்க."

புது ஐட்டமாம்! நான் வாயைத் திறப்பதற்குள் மகள் மேசைக்குக் கீழே என் காலை மிதித்துவிட்டாள். அவளுக்கு அப்பனின் குணம் தெரியும். ஆகவே அங்கே விழுங்கியதை இங்கே உங்களிடம் கொட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பச்சை நிறச் சோஸில் மிஞ்சி இலை, அதுதான் புதினா, வாசம் வந்தது. அந்த வாசம் மூக்கில் ஏறினால் நான் சாய்ந்தமருதில் என் மாமியார் வீட்டுச் சாலையில், அதாவது முன் கூடத்தில், புது மாப்பிள்ளையாக, கழுத்து வியர்க்க உட்கார்ந்திருப்பேன். முப்பது வருடங்களுக்கு மேலாகிறது.

எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருபத்தேழு வயதில் வந்தது. அக்கரைப்பற்றில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை கிடைத்து, அதற்காகச் செய்த மருத்துவச் சோதனையில் பிடிபட்டது. ஊரில் அப்போது சீனி என்றால் கிழவர்களின் வருத்தம். மருதமுனையில் தறிச் சத்தம் நிற்காத எங்கள் வீட்டில் உம்மா என்னை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினா.

"மகன், இத வெளியால கதச்சிடாத. கலியாணம் பேசி முடிச்சாச்சி. சீனி எண்டு தெரிஞ்சா ஆரு பொண்ணு தருவா?"

நான் கதைக்கவில்லை. நல்ல பிள்ளை அல்லவா! ஒரு குடும்பத்தை ஏமாற்றுகிறோம் என்று நெஞ்சு குத்தியது. ஆனால் பெண்ணை ஒரு தடவை பார்த்திருந்தேன். அதற்கு மேல் என்னிடம் நியாயம் கேட்காதீர்கள்.

எங்கள் பக்கத்தில் பெண் கணவன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டில் போய் இருப்பான். போன முதல் நாற்பது நாளும் அவனுக்கு ராஜ உபசாரம். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அசர் தொழுகை முடிய, பூ வேலை செய்த துணியால் மூடி ஒரு தட்டு வரும். வட்டிலப்பம், தொதல், அச்சுப் பணியாரம், சீனிப் பாகில் ஊறி மினுங்குகிற இன்னும் இரண்டு மூன்று சாமான்கள். மாமியார் புது மருமகனின் முன்னால் வரமாட்டா. அடுப்படி வாசலில் ஒரு திரை தொங்கும். அதற்குப் பின்னால் அவவின் வளையல் சத்தம் மட்டும் கேட்கும். நான் எத்தனை தடவை வாய்க்குக் கை கொண்டுபோகிறேன் என்று அந்த வளையல்கள் எண்ணுவதாக எனக்குத் தோன்றும்.

பதினொரு நாள் சாப்பிட்டேன். கால் பாதம் எரிந்தது. கந்தோரில் பேரேட்டுக் கோடுகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பன்னிரண்டாம் நாள் தொதலை யன்னலுக்கு வெளியே எறிந்தேன். பக்கத்து வீட்டு ஆடு அதைக் கண்டுபிடித்தது. இரண்டு நாளில் அந்த ஆடு அசர் பாங்கு சொன்னதும் யன்னலுக்குக் கீழே வந்து நிற்கத் தொடங்கிவிட்டது. நிற்பதோடு விட்டாலும் பரவாயில்லை, தட்டு வரத் தாமதித்தால் என்னைக் கூப்பிட்டுக் கத்தும். இதற்கு மேல் மறைக்க ஏலாது என்று தெரிந்து, மனைவியிடம் பாதி உண்மை சொன்னேன்.

"எனக்கு இந்த இனிப்பெல்லாம் சரிவராது. அசருக்குக் கௌப்பி அவிச்சித் தந்தாக் காணும். தொட்டுக்கொள்ளப் புளிப்பா, உறைப்பா என்னவும் அரச்சித் தரச் செல்லுங்க."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. எல்லாப் பிழைகளிலும் பெரிய பிழையை நான் அங்கேதான் விட்டேன்.

எங்கள் ஊர்களில் புது மாப்பிள்ளை தட்டைத் தள்ளினால் பசியில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். ஏதோ குறை வைத்திருக்கிறான், வாய் திறந்து கேட்க வெட்கப்பட்டுத் தட்டைத் தள்ளுகிறான் என்றுதான் அர்த்தம். மோட்டார் சைக்கிள் கேட்டுத் தட்டைத் தள்ளியவர்கள் உண்டு. காணி, வளவு கேட்டுத் தள்ளியவர்கள் உண்டு. நான் அதற்கும் மேலே போய், கூலிக்கு நெல் வெட்டுகிறவன் வயல் வரம்பில் குந்தியிருந்து தின்கிற கௌப்பியைக் கேட்டிருக்கிறேன். 'நீங்கள் எனக்குச் செய்தது இவ்வளவுதான்' என்று மாமியாரின் முகத்தில் அடித்தது போல.

அடுத்த நாள் கௌப்பி வரவில்லை. தட்டு பெரிதாகி வந்தது. அதற்கு அடுத்த நாள் இரண்டு தட்டு. யன்னலுக்குக் கீழே ஆட்டுக்குப் பெருநாள். வீட்டில் ஒருவரும் என்னுடன் சிரித்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் பொழுதுபட்டு, மஃரிபுக்குப் பிறகு மாமா வந்து என் முன்னால் உட்கார்ந்தார். நல்ல மனிதர், வயல்காரர், சத்தமாகக் கதைக்கிறவர். அன்றைக்குக் குரல் எழும்பவில்லை. கையில் மடித்த ஒரு பத்திரம்.

"மருமகன், வரிப்பத்தான்சேனைப் பக்கம் ரெண்டு ஏக்கர் வயல் கெடக்கு. சின்னவளுக்கு எண்டு வெச்சிருந்த. பரவால்ல. அத உங்கட பேருக்கு எழுதுறன். தட்டத் தள்ளாதீங்க."

உள் அறையில் யாரோ அழுவது கேட்டது. என் மனைவி. பக்கத்தில் அவளுடைய தங்கை. பதினாறு வயதுப் பிள்ளை, நான் வந்த நாளிலிருந்து 'மச்சான், மச்சான்' என்று ஓடியோடித் தண்ணீர் கொண்டுவந்து தந்த பிள்ளை. அவளுக்கென்று அந்த வீட்டில் மிச்சமாக இருந்தது அந்த வயல் மட்டும்தான். நான் இன்னும் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் அது என் பெயருக்கு வந்துவிடும். உம்மாவின் சொல்லைக் காப்பாற்றிய நல்ல பிள்ளையாக நான் அதன்மேல் உட்கார்ந்திருக்கலாம்.

எழும்பினேன். மாமாவைப் பார்க்கத் துணிவில்லை. திரையைப் பார்த்துச் சொன்னேன். மாமியாரோடு நான் கதைத்த முதல் கதை அது.

"மாமி, எனக்கு வயலும் வேணாம் ஒண்டும் வேணாம். எனக்குச் சீனி வருத்தம். இனிப்புத் திண்டா மௌத்தாகிருவன். அதுதான் கௌப்பி கேட்ட."

வளையல் சத்தம் நின்றது. மாமா பத்திரத்தை மடியில் வைத்தார். திரைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரலை அன்றுதான் நேராகக் கேட்டேன். கனத்த குரல்.

"உங்கட உம்மாக்குத் தெரியுமா?"

"ஓம்."

"கலியாணத்துக்கு முந்தியே?"

"ஓம், மாமி."

அந்த இடத்திலேயே நான் என் பெட்டியை மனதால் கட்டிவிட்டேன். மருதமுனைக்குப் போகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட யோசித்தேன்.

"நாளைக்கிக் கந்தோரால எத்தின மணிக்கு வாறீங்க?" என்றா மாமி.

அடுத்த நாள் அசருக்குத் தட்டு வந்தது. அதே பெரிய தட்டு, அதே பூ வேலைத் துணி. துணியை எடுத்தால் நடுவில் கௌப்பி, ஆவி பறக்க, உடையாமல், உப்பு அளவாக. அதைச் சுற்றி ஐந்து கிண்ணம். ஒன்றில் மிஞ்சியும் மல்லியிலையும் பச்சைக் கொச்சிக்காயும் சேர்த்து அரைத்துத் தேசிக்காய் பிழிந்தது. ஒன்றில் மாங்காயும் உள்ளியும். ஒன்றில் எருமைத் தயிரில் இஞ்சியும் மிளகும். ஒன்றில் செத்தல் கொச்சிக்காயும் தேங்காய்ப்பூவும் இடித்த சிவப்பு. கடைசிக் கிண்ணத்தில் கறுப்பாக ஒன்று. புளியும் புகையும் கலந்த மாதிரி ஒரு வாசம், நாக்கில் வைத்தால் முதலில் கண் மூடும், பிறகு காது சுடும். ஐந்திலும் ஒரு பொட்டுச் சீனி இல்லை, சர்க்கரை இல்லை. கிண்ணம் கிண்ணமாக வழித்துத் தின்றேன். யன்னலுக்குக் கீழே ஆடு கத்திக் கத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

இதை ஊர் சும்மா விடுமா? 'மருமகனுக்குக் கௌப்பி அவிச்சிப் போடுறாளாம்' என்று கதை தைக்காப்பள்ளி வரைக்கும் போனது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு பெண் கேட்டே விட்டா. மாமி அம்மியில் கையை எடுக்காமல் பதில் சொன்னது எனக்குச் சாலையில் கேட்டது.

"ஓம், கௌப்பிதான். நாளைக்கி மரவள்ளிக்கிழங்கு. நாளண்டைக்கிச் சோளம். என்ட மகள் தாலியோட இரிக்கணும். நீ ஒண்ட மருமகனுக்கு வட்டிலப்பத்த ஊட்டு."

உம்மா பார்க்க வந்த நாளை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. இரண்டு பெட்டி நிறையப் பணியாரத்தோடு வந்தா. மாமி சலாம் சொல்லி, பாய் போட்டு இருத்தி, அந்தப் பெட்டிகளைத் திறக்காமலே ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டு, சம்பந்தியின் முன்னால் கௌப்பித் தட்டை வைத்தா. உம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும்.

"மச்சி, நீங்க எனக்கிட்ட ஒளிச்சீங்க. அத நான் அல்லாஹ்வுக்காக மறந்துட்டன். ஆனா இனி இந்த ஊட்டுக்கு இனிப்பு வரப்படா. புள்ளட உசிரு, ஹயாத்து இப்ப என்ட பொறுப்பு. சாப்பிடுங்க."

உம்மா அழுதுகொண்டே சாப்பிட்டா. கொச்சிக்காய் உறைப்பில் அழுததாகப் பிறகு வாதாடினா. போகும்போது அந்தப் பச்சைச் சம்பலை எப்படி அரைப்பது என்று மெல்லக் கேட்டதையும் நான் கண்டேன்.

பிறகு கந்தோருக்கும் டப்பாவில் கொண்டுபோகத் தொடங்கினேன். பத்து மணித் தேநீருக்கு மற்றவர்கள் கடையில் வாங்கிய ரோல்ஸும் பெட்டிஸும் தின்ன, நான் பயறும் சம்பலும். 'மாட்டுத் தீன்' என்று பெயர் வைத்தார்கள். திருக்கோவிலில் இருந்து வந்த ஒரு நண்பர் மட்டும் ஒரு நாள் விரலால் தொட்டு நக்கிவிட்டு, "அடேய், இது நல்லாக் கிடக்கு" என்றார். அடுத்த நாளில் இருந்து மாமி டப்பாவைப் பெரிதாக்கினா. சிரித்தவர்களில் இரண்டு பேர் இப்போது என்னோடு கிளினிக் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவருக்குக் காலில் மூன்று விரல் இல்லை. அதைப் பார்த்து நான் சந்தோசப்படவில்லை, சத்தியமாக. ஆனால் தாதிப் பிள்ளை துண்டுப் பிரசுரத்தைக் கையில் தந்து 'அவித்த தானியம் சாப்பிடுங்க' என்று எனக்குப் பாடம் எடுக்கும்போது, பிள்ளை, நீ பிறக்கமுதல் தொடங்கிய வேலை அது என்று சொல்லாமல் வந்ததில்லை.

மச்சினிக்கு அந்த இரண்டு ஏக்கரும் போய்ச் சேர்ந்தது. அவள் இப்போது பேரப்பிள்ளை கண்டுவிட்டாள்.

மாமி மௌத்தாகி ஆறு வருடம். திரை அதற்கு எவ்வளவோ முன்பே போய்விட்டது. என் மூத்த மகள் பிறந்த பிறகு மாமி என் முன்னால் வந்தா, கதைத்தா, ஏசவும் செய்தா. ஆனால் அடுப்படிக்குள் மட்டும் என்னை விடவில்லை. மருமகன் அடுப்படியில் கால் வைத்தால் அந்த வீட்டுப் பெண்களுக்குக் கை இல்லை என்று சொல்வார்களாம். மனைவி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். அவள் வந்து சேர்வதற்குள் மாமி எல்லாம் அரைத்து மூடிவைத்திருப்பா. நாலு கிண்ணம் அரைக்க அவளுக்கு வரும். அந்தக் கறுப்புக் கிண்ணத்தின் பக்குவம் அவளுக்கும் தெரியாது. புளியைச் சுட்டிருப்பா என்கிறாள். மச்சினி, இல்லை, விளாங்காயைத் தணலில் போட்டிருப்பா என்கிறாள்.

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை, கேட்டுவிடவேண்டும் என்றுதான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா. "மகன், அசருக்கு என்ன திண்டீங்க?" என்றா. அதற்கு மேல் எப்படிக் கேட்பது? கேட்டால், நீங்கள் போகப்போகிறீர்கள் என்று அவவின் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். "கௌப்பிதான் மாமி" என்றேன். உண்மையில் அன்றைக்கு நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

இப்போது அந்த அடுப்படிக்குள் நானே போகிறேன். போகட்டும், ஊர் என்னவும் சொல்லட்டும். ஓய்வூதியக்காரனுக்கு வேறு என்ன வேலை? புளியைச் சுட்டுப் பார்த்தேன், விளாங்காயைச் சுட்டுப் பார்த்தேன், இரண்டையும் சேர்த்தும் பார்த்தேன். சோஸைப் போத்தலில் விற்கிறார்களே, ஒன்றை வாங்கிவிட்டுப் போங்களேன் என்று மகன் சொல்கிறான். வாங்கமாட்டேன். நேற்று விளாங்காயை இன்னும் கொஞ்சம் கருகவிட்டு, செத்தலை எண்ணெயில்லாமல் வறுத்து, அம்மியில் வைத்து நானே இழுத்து இழுத்து அரைத்தேன். மனைவி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். நேரம் எடுத்துச் சுவைத்தாள்.

"உம்மாட மாதிரி இல்ல" என்றாள்.

"இல்லதான். தட்ட இஞ்சால வைங்க" என்றேன்.