ஒட்டுப்பால் அடைத்த படகு

பிறத்தியார் தூண்டிலைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஒரே ஒரு விதிதான் உண்டு: மீன் விழுந்தால் அது அவர் கைராசி, விழாவிட்டால் அது நம் கைக்கோளாறு.

துரைமார் காரைத் துடைத்தவர்களே, அவர்கள் நாயைக் குளிப்பாட்டியவர்களே, உங்களுக்கு இது சொல்லாமலே புரியும். நான் பார்த்த வேலை படகும் தூண்டிலும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். தோட்டத்து எல்லையில் ஈயம் தோண்டி விட்டுப்போன பெரிய குட்டை. அதில் ஆள் தொடை பருமனுக்குத் தோமான் மீன் கிடந்தது. ஒரு மைல் தள்ளி ஆறு. ஆற்றில் செபாராவ். எங்கள் துரை அந்தச் செபாராவை முதலில் பிடித்தபோது, "எங்க ஊர்ல பாஸ்னு ஒரு மீன். இவன் அவனுக்குத் தம்பி" என்றார். அன்றைக்கே சீமைக்கு எழுதி ஆறு தூண்டில் கோல் வரவழைத்தார்.

ஒரு நாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், "யாருக்கு நீச்சல் தெரியும்?" என்று கேட்டார். நான் மட்டும் கையைத் தூக்கினேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. "தை மாசம் வரைக்கும் பாப்பேன். சாமான் நல்லா இருந்தா வேலையும் உனக்கு, குட்டைக்கரை அறையும் உனக்கு. இல்லேன்னா புல்வெட்டு" என்றார்.

எனக்கு வேலையைவிட அறைதான் முக்கியம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரே அறையில் என் அக்காள் குடும்பம் ஐந்து பேர், நான், என் மனைவி. கல்யாணமாகி நான்கு மாதம் அவள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பீடோரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "தனி அறை கிடைச்சா ஆள் அனுப்புங்க, வாரேன்" என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் எங்கள் பெரிய கிராணி. கோல்களோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவர் துரைக்கு அடுத்து அவர் ஒருவர்தான். படகு வேலைக்குத் தன் மைத்துனனை மனதில் வைத்திருந்தவரும் அவர்தான். எனக்கு மறதி வந்துவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். அவர் முகம் மட்டும் மறக்கவில்லை.

மூக்கில் தேய்த்த கோல்

சீமைக் கோல் என்பது ஒரே மூங்கில் இல்லை. மூங்கிலைப் பிளந்து ஒட்டி, மூன்று துண்டாகச் செய்தது. துண்டுகளின் முனையில் பித்தளைப் பூண். ஒன்றை ஒன்றில் செருக வேண்டும். செருகுவதற்கு முன்னால் துரை அந்தப் பூணை எடுத்துத் தன் மூக்கின் ஓரத்தில் தேய்ப்பார். ஒவ்வொரு தடவையும் தேய்ப்பார். நான் யோசித்தேன். நம் ஆட்கள் வேலை தொடங்குமுன் கத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் மூக்கில் ஒற்றிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. எப்படியானாலும் கும்பிடுதான் என்று முடிவு கட்டினேன்.

ஆயுத பூசை வந்தது. மரம் சீவும் கத்தி, மண்வெட்டி எல்லாவற்றுக்கும் பூசை நடக்கும்போது துரையின் கோலை மட்டும் விடலாமா? பூணுக்குப் பூண் விபூதி பூசி, சந்தனம் குழைத்து வைத்து, குங்குமமும் இட்டு, துண்டுகளைச் செருகி நிமிர்த்தி வைத்துச் சூடம் காட்டினேன். மறுநாள் கோலைப் பிரிக்க முடியவில்லை. சந்தனம் காய்ந்து பித்தளையைச் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொண்டது. துரை ஒரு முனை, நான் ஒரு முனை, வெகுநேரம் இழுத்தோம். திருகக் கூடாதாம், நேராக இழுக்க வேண்டுமாம். அதையும் அப்போதுதான் சொன்னார். மூக்கோரத்துப் பிசுக்குதான் பூணுக்கு எண்ணெய் என்பதையும் அப்போதுதான் சொன்னார். கடைசியில் 'டப்' என்று கழன்று, அவர் ஒரு பக்கம் உட்கார்ந்தார், நான் ஒரு பக்கம் விழுந்தேன். உட்கார்ந்தபடியே சொன்னார்: "இதுக்கு என் மூக்கு போதும். சாமியை நீ வீட்டுல வச்சுக்க."

கருவாடான நூல்

அந்தக் காலத்துத் தூண்டில் நூல் பட்டு. நனைந்தபடி ரீலில் சுற்றி வைத்தால் ஒரே வாரத்தில் இற்றுப்போகும். "நூலைக் காயவைக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கு" என்றார் கிராணி. நான் உச்சி வெயிலில் கொடி கட்டிக் காயப்போட்டேன். வெயில் பட்டால் பட்டு செத்துவிடும், நிழலில் போடு என்று துரை கத்தினார். அதுவும் புத்தகத்தில் அடுத்த வரியிலேயே இருந்ததாம். கிராணி அந்த வரியை எனக்குப் படிக்கவில்லை. பிற்பாடு எப்போது கேட்டாலும் மறந்துவிட்டேன் என்பார்.

சரி, நிழல். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் நிழலில் மனிதனே காய மாட்டான். மூன்று நாள் போட்டும் நூலில் பூஞ்சை பிடித்தது. வெயில் கூடாது, ஈரம் கூடாது. தோட்டத்தில் அப்படிப்பட்ட இடம் ஒன்றுதான், ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயவைக்கும் புகைவீடு. ஷீட்டுகளுக்கு நடுவே நூலை வளைத்து வளைத்துத் தொங்கவிட்டேன். நன்றாகத்தான் காய்ந்தது. வெள்ளை நூல் வெல்ல நிறத்துக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். துரை அதை மூக்கருகே கொண்டுபோனார். முகத்தைச் சுளித்தார். பிறகு, "மீனைப் பிடிக்கத்தான் நூல். நீ மீனுக்கு முன்னாடி நூலைக் கருவாடு போட்டுட்டே" என்றார். ஆனால் அந்த வாரம் அதே கருவாட்டு நூலில்தான் இரண்டு செபாராவ் விழுந்தன. அதற்கு அவர் சொன்னது இன்னும் குழப்பம்: "நல்லா இருக்கு. இனிமே செய்யாதே."

புத்தகத்தில் இல்லாத எறும்பு

ரீலுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று கிராணி படித்துச் சொன்னார். எவ்வளவு என்று கேட்டேன். "தேவையான அளவு" என்றார். எது தேவையான அளவு? நான் ரீலைத் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தில் முழுசாக முக்கி எடுத்து வைத்தேன். காலையில் ரீலைக் காணோம். அதே வடிவத்தில் சிவப்பு எறும்புதான் இருந்தது. துரை கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார், எறும்பும் சேர்ந்து சுற்றியது, அவர் கையும் சேர்ந்து வீங்கியது.

அனுபவப்பட்டவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்: தையல் மிஷின் எண்ணெய், அதுவும் ஒரே ஒரு சொட்டு. தேங்காயெண்ணெய் தூண்டில் முள்ளுக்கு மட்டும். துணியில் தொட்டுத் துடைத்தால் துரு ஏறாது. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று கிராணியிடம் போய் நின்றேன். அவர் புத்தகத்தைப் புரட்டு புரட்டென்று புரட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "எறும்பைப் பத்தி இதுல ஒண்ணும் போடலையே!"

ஆ செங்கின் ஐந்து நாள்

தை பிறக்க ஒரு வாரம் இருந்தது. ஈப்போவிலிருந்து துரையின் சிநேகிதர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிக்க வருவதாகச் சொல்லியனுப்பினார். நல்ல தடியான ஆள். தூண்டிலில் மீன் மாட்டினால் படகில் எழுந்து நின்றுவிடுவாராம். இதுவரை இரண்டு படகைக் கவிழ்த்திருக்கிறாராம். அதை அவரே பெருமையாகச் சொல்வாராம். "ஞாயித்துக்கிழமை படகு கவுந்தா, திங்கக்கிழமை நீ புல்வெட்டு" என்றார் துரை. அதே வேளை பார்த்துப் படகின் அடியில் பலகைக்குப் பலகை தண்ணீர் கசிந்தது.

சீனத் தச்சர் ஆ செங்கைக் கூட்டிவந்து காட்டினேன். படகைக் கரையேற்றிக் காயவிட்டு, பழைய அடைப்பைச் சுரண்டி, சந்துகளில் நார் திணித்து, டாமார் குங்கிலியத்தை எண்ணெயில் குழைத்துப் பூச வேண்டும் என்றார். ஐந்து நாள். என்னிடம் இருந்தது மூன்று நாள். கிராணியிடம் போனேன். "ரப்பர்த் தோட்டத்துல நின்னுக்கிட்டு டாமாருக்கு அலையுறியா? ஒட்டுப்பாலை வச்சு அடை. தண்ணி எப்படி வரும்னு பாக்குறேன்" என்றார். மரப்பட்டையிலும் கோப்பையிலும் காய்ந்து கிடக்கும் மிச்ச ரப்பர்ப் பால்தான் ஒட்டுப்பால். வேண்டிய மட்டும் கிடைக்கும். சந்தெல்லாம் அதைத் திணித்து, மேலே பச்சைப் பாலை ஊற்றினேன். முன்னால் உட்காரும் பலகையில் ஒரு விரிசல் இருந்தது. மிச்சத்தை அதிலும் பூசினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பெருமையாக ஆ செங்கிடம் காட்டினேன். அவர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "தம்பி, மழைக்கு இது நல்லதுலா. வெயில் வந்தா இது அழும்லா" என்றார்.

எழுந்து நிற்காத விருந்தாளி

ஞாயிற்றுக்கிழமை பார்த்து வெயில் வந்தது. முன்பலகையில் விருந்தாளி, பின்பலகையில் துரை, நடுவில் துடுப்போடு நான். பத்து மணிக்கே பச்சை ரப்பர் வாடை தூக்கியது. காலடியில் பார்த்தேன். அடைப்பெல்லாம் பாகு மாதிரி இளகிக்கொண்டிருந்தது. தண்ணீர் இன்னும் வரவில்லை. வரக்கூடாது என்று எந்தச் சாமியைக் கும்பிடுவது என்றும் தெரியவில்லை. சாமியைத்தான் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாரே.

அப்போதுதான் மாட்டியது தோமான். ரீல் கதறியது. விருந்தாளி எழுந்தார். எழுந்தார் என்று சொல்லக்கூடாது, எழப் பார்த்தார். பலகை அவரை விடவில்லை. இன்னொரு தடவை எம்பினார். வெள்ளைக் கால்சட்டை சூயிங்கம் மாதிரி நீண்டு திரும்பவும் அவரை உட்காரவைத்தது. படகு இரண்டு பக்கமும் ஆடி அடங்கியது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தபடியே கால் மணி நேரம் மல்லுக்கட்டி அந்த மீனை ஏற்றினார். அவ்வளவு பெரிய தோமான் அந்தக் குட்டையில் அதுவரை யாரும் பிடித்ததில்லை. கரைக்கு வந்ததும் மரம் சீவும் கத்தியால் அவரைப் பலகையிலிருந்து அறுத்து எடுத்தேன். கால்சட்டையில் ஒரு கைக்குட்டை அளவு படகிலேயே நின்றுவிட்டது. துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு விருந்தாளி கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

துரை சிரிக்கவில்லை. "யாரு அடைச்சது இதை?" என்றார். குடை பிடித்துக்கொண்டு கரையில் நின்ற கிராணி, விருந்தாளியின் சிரிப்பைப் பார்த்துவிட்டு முன்னால் வந்து, "யோசனை நம்மளோடதுங்க" என்றார். நம்மளோடதாம்! மூன்று நாள் பாலில் ஊறிய கை யாருடையது? துரை அவரை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். கிராணியிடம் ஒரு சிகரெட் டின்னைக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "யோசனை நல்லது. வேலை மோசம். நாளைக்கு எல்லாத்தையும் சுரண்டு. சுரண்டி முடிச்சதும் உன் பெட்டியைக் கொண்டாந்து அந்த அறையில வை."

ஆறு கோல், ஓர் அறை

சுரண்ட நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் பீடோருக்கு ஆள் அனுப்பினேன். மாட்டு வண்டியில் தகரப் பெட்டியும் பாயும் கையுமாக என் மனைவி வந்து இறங்கினாள். வண்டியிலிருந்தே அறையைப் பார்த்து அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

அதற்கு முந்தின நாள்தான் துரை ஒரு உத்தரவு போட்டிருந்தார். கோல்களைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும், ஆணியடித்துப் படுக்கை வாட்டில் வைக்க வேண்டும். புகைவீட்டை விட்டால் தோட்டத்திலேயே ஈரம் ஏறாத இடம் குட்டைக்கரை அறைதானாம், ஆகவே அதில்தான் வைக்க வேண்டும். ஆறு கோல், நான்கு ரீல், நாற்காலி முதுகில் காயும் நூல், இரண்டு துடுப்பு, ஒரு புகைவாடை. என் மனைவி வாசலில் நின்று குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள். பாயைக் கீழே வைக்கவில்லை. "லயத்துல உங்க அக்கா குடும்பம் அஞ்சு பேருங்க. இங்க இந்த மூங்கிலே ஆறு பேரு இருக்காங்க. நான் எங்கங்க படுக்குறது?" என்றாள்.

அந்த அறையை எனக்கு வாங்கிக் கொடுத்தது என் கவனமா, என் தப்பா, அந்தக் கிராணியா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை, ஆனால் மூன்றாவதுதான் என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவரோடு எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது.